கொடுமுடி முதல் காரைக்கால் வரை: கே. பி. சுந்தராம்பாளின் கலைவழி

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு விழாவில் ஒரு கவிஞரைப் பற்றியோ காப்பியம் ஒன்றைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். ஒரு நாடகப் பாடகியைப் பற்றிப் பேசுவானேன் என்ற வினா சிலர் உள்ளத்தில் எழலாம். எழுதப்பட்ட சொல்லுக்கும் மக்கள் செவிக்கும் இடையே நெடுந்தொலைவு கிடந்த காலம் ஒன்று இருந்தது. எழுத்தறியாதவர் மிகுந்திருந்த அந்நாளில் தமிழ்ப் பாட்டைக் கவிஞனின் கையிலிருந்து வாங்கிக் கடைசி வரிசையில் துண்டை விரித்து அமர்ந்திருந்த உழவன் வரை கொண்டு சேர்த்தவர்கள் நாடகமேடைப் பாடகர்களே. அவர்களுள் ஒருவர் மேடையிலிருந்து திரைக்குச் சென்றார். அரசியல் மேடையிலும் பாடினார். சட்டமன்ற மேலவையிலும் அமர்ந்தார். ஐம்பதாண்டுக்கு மேலாக அவர் குரல் தளரவில்லை. கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்னும் அவ்வம்மையாரை இந்த அவையில் நினைவு கூர்வது பொருத்தமே.

பொருத்தம் இன்னும் ஒரு வகையிலும் உண்டு. தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் உடல் அடங்கியது இந்தப் புதுவை மண்ணில்தான். 1867ஆம் ஆண்டு தூத்துக்குடிச் சீமையில் பிறந்த அவர், 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய நினைவிடம் உள்ளது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களை ஊர்தோறும் ஒலிக்கச் செய்த அப்பெரியவர், இறுதிக் காலத்தில் வாதநோயால் பேச்சிழந்து கிடந்தார். சொல்லைத் தந்தவர் ஊமையானார், சொல்லோ ஊமையாகவில்லை. அவர் எழுதிய பாட்டுகள் நூற்றுக்கணக்கான மிடறுகளில் ஏறி ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தன. அம்மிடறுகளுள் தலைசிறந்தவை இரண்டு. ஒன்று செங்கோட்டைக் கிட்டப்பாவினுடையது. மற்றொன்று கொடுமுடிச் சுந்தராம்பாளினுடையது.

காவிரிக் கரையில் கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் சுந்தராம்பாள் பிறந்தார். பாரதியார் அடைக்கலம் தேடிப் புதுவைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். பெயரின் முன்னுள்ள இரண்டு எழுத்துகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதலெழுத்து ஊரைக் குறிக்கிறது. இரண்டாவது அன்னை பாலாம்பாளைக் குறிக்கிறது. தாயின் பெயரையே முன்னெழுத்தாகக் கொண்டு அவர் உலகை எதிர்கொண்டார். வறுமை சூழ்ந்த குடும்பம் அது. கரூர்ப் பக்கம் செல்லும் புகைவண்டியில் பாடிய சிறுமியின் குரலைக் கேட்டு வியந்த ஒருவர் அவரை நாடகத்துக்கு அழைத்துச் சென்றார் எனச் சொல்வர். அழைத்தவர் யார் என்பது பலவாறாகச் சொல்லப்படுகிறது. வேலு நாயர் நாடகக் குழுவில் அச்சிறுமி சேர்ந்ததும், குழந்தை வேடங்களில் தொடங்கி விரைவிலேயே பெயர் பெற்றதும் தெளிவானவை.

அந்நாளைய நாடகமேடையின் தன்மையை இன்றைய தலைமுறை அறிந்துகொள்ள வேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பின் தொடங்கும் நாடகம் விடியும் வரை நடக்கும். ஒலிபெருக்கி இல்லை. மேடையோரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம். முன்னே தரையிலும் பெஞ்சிலும் ஆயிரக்கணக்கானோர். குரல் ஒன்றே கருவி. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒருவரையொருவர் பாட்டால் மடக்கித் தருக்கம் செய்வார்கள். 'ஸ்பெஷல் நாடகம்' எனப்பட்ட அம்முறையில் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே வந்த நடிகர்கள் ஒத்திகையின்றி அன்றிரவே மேடையில் சந்திப்பார்கள். பாடமும் இசையறிவும் சமயத்துக்கேற்ற சொல்வன்மையும் இல்லாதவர் அங்கே ஓரிரவும் நிற்க முடியாது. அவ்வுலகில் ஒரு பாடகிக்கு வேண்டியவை இரண்டு. உச்சத் தாயியில் நின்று பாடும்போதும் குரல் உடையக் கூடாது. எவ்வளவு உயரத்தில் பாடினாலும் சொல்லின் ஓர் எழுத்தும் சிதையக் கூடாது. சுந்தராம்பாளின் பாட்டில் லகரமும் ளகரமும் ழகரமும் தத்தம் இடத்தில் நிற்கும். இதனை அவருக்குக் கற்பித்தது மேடைதான். கடைசி வரிசைக்குச் சொல் புரியவில்லையென்றால் நாடகம் அங்கேயே தோற்றுவிடும்.

இலங்கைக்கு நாடகம் ஆடச் சென்ற காலத்தில் அவர் வாழ்வு திரும்பியது. கொழும்பு மேடையில் கிட்டப்பாவும் அவரும் இணைந்து நடித்தனர். சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் இளமையிலேயே பயின்றவர் கிட்டப்பா. வேலனாகவும் வேடனாகவும் அவர் பாட, வள்ளியாகச் சுந்தராம்பாள் விடைபாட, ஈழத்திலும் தமிழகத்திலும் அந்த இணைக்கு நிகரில்லை என்று ஆயிற்று. இந்த ஊருக்குப் பெயர் தந்த கதிர்காமம் ஈழத்தின் தெற்கே உள்ளது. முருகன் வள்ளியை மணந்தது அங்கேதான் என்பது அந்நாட்டு மரபு. வள்ளி திருமணம் ஆடச் சென்ற இருவர் ஈழ மண்ணிலேயே ஒருவரையொருவர் கண்டுகொண்டனர் என்பது தற்செயலாயினும் நினைக்கத்தக்கது.

1927இல் அவர்கள் மணம் நிகழ்ந்தது. சாதி எல்லையைத் தாண்டிய திருமணம் அது. கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். அவ்வாழ்வு மேடையில் கண்ட வள்ளி திருமணம் போன்றதன்று. பிணக்கும் பிரிவும் அதில் இருந்தன. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சேறின. அவற்றைப் படிப்போர் அந்த அன்பின் ஆழத்தையும் அதிலிருந்த புண்ணையும் ஒருங்கே காண்பர். 1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்றுமுதல் அவர் வெள்ளாடை அணிந்தார். ஆடவர் எவருடனும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். இறுதி வரை அவ்வுறுதி மாறவில்லை.

சுந்தராம்பாளைப் போற்றுவோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். கணவனை இழந்த பின் கைம்மைநோன்பு நோற்ற கற்பரசி என்று சொல்லிக் கைகூப்பி நகர்ந்துவிடுகின்றனர். அவ்வாறு போற்றுவதில் ஓர் அநீதி உண்டு. வெண்ணிறச் சேலையைப் பார்க்கும் கண் அதனுள் நின்ற கலைஞரைப் பார்க்கத் தவறிவிடுகிறது. நாடகத்திலும் திரையிலும் கதாநாயகி என்றால் நாயகனுக்கு இணை என்பதே பொருள். இணையாக நடிப்பதில்லை என்று சொன்ன 25 வயதுப் பெண்ணுக்கு அத்தொழிலில் என்ன இடம் இருந்திருக்க முடியும்? எந்தக் கணக்குப்படியும் அவருடைய கலைவாழ்வு அன்றே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அவர் வாழ்வில் ஆராயத்தக்க செய்தி இதுவே.

சில காலம் ஒதுங்கியிருந்தவர், இசைமேடைக்கு மீண்டார். பின்னர்த் திரைப்பட அழைப்பு வந்தது. அசன்தாஸ் என்பார் 'பக்த நந்தனார்' எடுக்க முன்வந்தார். மறுப்பதற்கு ஒரு வழியாகவே சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கேட்டார் எனவும், கேட்ட தொகையைத் தருவதாக அவர் ஒப்பியதும் மறுக்க வழியின்றிப் போயிற்று எனவும் கூறுவர். 1935இல் வெளிவந்த அப்படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம். நந்தனாக அவரும், வேதியராகச் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயரும் நடித்தனர். அந்நாளில் ஒரு லட்சம் என்பது எந்த ஆண் நடிகரும் எட்டாத தொகை. படத்தைக் கடுமையாகக் குறைகூறியோரும் உண்டு. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. கோயிலுக்குள் புகக் கூடாது எனத் தடுக்கப்பட்ட ஒருவனின் ஏக்கத்தை, சமூகத்தின் பல வாயில்கள் அடைபட்டிருந்த ஒரு பெண் பாடினார். அந்த ஏக்கம் அவருக்குப் புத்தகத்திலிருந்து கிடைத்ததன்று.

அதன்பின் அவர் ஏற்ற வேடங்களை வரிசையாக நோக்கினால் ஒரு வியப்பான ஒழுங்கு தெரியவரும். 1940இல் மணிமேகலை. 1953இல் ஜெமினி நிறுவனத்தின் ஔவையார். 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவை. 1973இல் காரைக்கால் அம்மையார். பௌத்தத் துறவி ஒருத்தி, நாடு சுற்றிய புலவர் ஒருவர், சமணத் துறவி ஒருத்தி, பேயுருவை வேண்டிப் பெற்ற சைவ அடியார் ஒருவர். சமயமும் காலமும் வேறு வேறு. இவர்களுக்குள் பொதுவானது யாது?

இவர்கள் அனைவரும் தனித்து நடந்த பெண்கள். யாருடைய மனைவி என்பதாலும் இவர்கள் அறியப்படவில்லை. வீட்டு வாயிலைக் கடந்து வழியில் இறங்கியவர்கள். அரசன் முன்னும் இறைவன் முன்னும் அஞ்சாது வாய் திறந்தவர்கள். மணிமேகலை அமுதசுரபியுடன் சிறைக்கோட்டம் புகுந்தாள். ஔவை வேந்தரிடம் தூது சென்றார். கவுந்தியடிகள் கோவலனுக்கும் கண்ணகிக்கும் மதுரை வரை வழித்துணையானார். காரைக்கால் அம்மையார் அழகிய உடலை உதறிவிட்டு அந்தாதி பாடினார். இணையின்றி வாழும் பெண்ணுக்கு அக்காலத் திரைப்படத்தில் இடமில்லை. தமிழ் இலக்கியத்தில் இடம் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்துவந்தது. சுந்தராம்பாள் அந்த இடத்தைக் கண்டடைந்தார். திட்டமிட்டுத் தேடினாரா, வந்த வாய்ப்புகள் அவ்வாறு அமைந்தனவா என வாதிடலாம். எவ்வாறாயினும், தம் மீது தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டை அவர் சிறையாக்கிக்கொள்ளவில்லை. அதையே தமது பாதையாக்கிக்கொண்டார். இன்று பல தமிழர் மனத்தில் ஔவை என்றதும் எழும் முகம் அவருடையது. ஔவை பேசும் குரலும் அவருடையது.

இவ்விடத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் மாணவர் ஒருவரையும் நினைக்க வேண்டும். தி. க. சண்முகம், ஔவையார் வேடம் புனைந்து மேடையில் பெற்ற புகழால் 'ஔவை' சண்முகம் எனவே வழங்கப்பெற்றார். மேடையில் ஆடவர் ஒருவர் ஔவையானார். திரையில் பெண் ஒருவர் நந்தனானார். சுவாமிகள் வளர்த்த நாடகமரபில் வேடத்துக்குக் குரலும் சொல்லுமே தகுதி, பிறப்பு அன்று. அம்மரபின் பெருமைக்கு இவ்விரு செய்திகளே போதும்.

அவருடைய குரலுக்கு அரசியல் முகமும் உண்டு. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் அவர் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். விடுதலைப் பாட்டுகள் அவர் குரலில் இசைத்தட்டுகளாகவும் பரவின. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் பாட்டைக் கேட்கத் திரண்ட கூட்டமே கட்சிக்கு வலிமையாயிற்று. நாடு விடுதலை பெற்றபின், 1951இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினரானார். திரைத்துறையிலிருந்து சட்டமன்றம் புகுந்த முதல்வர் எனப் பலரும் அவரையே குறிப்பிடுவர். தமிழக அரசியலும் திரையும் பின்னிப் பிணைந்த நெடுங்கதையின் முதல் ஏடு ஒரு பெண்ணின் பெயரில் தொடங்குகிறது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். காங்கிரஸ் பற்றாளரான அவர், கலைஞர் மு. கருணாநிதி எழுதிய 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாக நடித்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்சி வேறு, கலை வேறு என்ற தெளிவு இரு பக்கமும் இருந்தது.

குரல் யாருக்காக ஒலிக்கிறது என்ற வினா எளிதன்று. அதே காலத்தில் உலகின் மறுகோடியில் வாழ்ந்த மற்றொரு பாடகியின் கதை இதனை விளக்கும். சுவீடன் நாட்டில் கார்ல்ஸ்டாட் என்னும் நகரில், சுந்தராம்பாளுக்கு ஓராண்டு முன்பு 1907இல் பிறந்தவர் ஸாரா லியாண்டர். அவரும் மேடைப் பாடகியாகத் தொடங்கியவர். அவருக்கும் பெண்குரலில் அரிதான கனத்த குரல். 1936இல் வியன்னா இசைநாடக மேடையில் பெற்ற வெற்றி அவரை ஜெர்மனியின் ஊஃபா படநிறுவனத்துக்கு அழைத்துச் சென்றது. நாஜி ஆட்சியின் பிடியில் இருந்த அத்திரையுலகில் அவர் தலைசிறந்த நட்சத்திரமானார். 1942இல், போர் நடுவே வெளிவந்த 'பெருங்காதல்' என்னும் பொருள்தரும் படத்தில் அவர் பாடிய பாட்டுகள் களைத்த மக்களுக்கு ஆறுதலாயின. அதே ஆறுதல் அந்த ஆட்சிக்கும் பயன்பட்டது. 1943இல் அவர் தாயகம் திரும்பினார். தமக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்றே அவர் சொல்லிவந்தார். ஆயினும் சில ஆண்டுகள் தாயக மேடை அவரை ஏற்கவில்லை. பின்னர் மீண்டும் பாடி, 1981இல் மறைந்தார்.

இரு பாடகியர், ஏறத்தாழ ஒரே வாழ்நாள், ஒரே வழி, மேடையிலிருந்து திரைக்கு. ஒருவர் குரல் அடிமைப்பட்ட நாட்டின் விடுதலைக்குத் துணைநின்றது. மற்றவர் குரல் கொடுங்கோலின் திரையரங்கை அழகுபடுத்தியது. இதனைச் சொல்வது ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவதற்காக அன்று. பாடுகிறவர் தம் குரலை அரசியலற்றது என்று கருதலாம். கேட்கிற காலம் அவ்வாறு கருதுவதில்லை. கவிஞர்களுக்கும் இது பொருந்தும்.

முதுமையிலும் அவர் குரல் மங்கவில்லை. 1966இல் தமிழ் இசைச் சங்கம் 'இசைப் பேரறிஞர்' பட்டம் அளித்தது. 1969இல் வெளிவந்த 'துணைவன்' படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். அதில் ஒரு சிறு விநோதம் உண்டு. பின்னணி என்பது வேறொருவர் வாயசைக்கத் திரைக்குப் பின்னே நின்று பாடுவது. சுந்தராம்பாளோ திரையில் தம் முகத்துடன் தம் குரலிலேயே பாடுகிறவர். குரலும் முகமும் பிரிந்துபோன திரையுலகில் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்த நாடகமேடையின் கடைசிப் பெரும்பிரதிநிதி அவர். 1970இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1980இல் அவர் மறைந்தார்.

'காரைக்கால் அம்மையார்' படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமி நடித்தார்; அம்மையாராகச் சுந்தராம்பாள் நடித்தார். அப்போது அவருக்கு அகவை அறுபதைத் தாண்டிவிட்டது. புதுவை மாநிலத்தின் காரைக்காலில் ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. மாங்கனி கேட்டு மக்கள் கை நீட்டுகிறார்கள். கணவன் கைவிட்ட பெண் தமிழின் முதல் அந்தாதிகளுள் ஒன்றைப் பாடிய கவிஞராக உயர்ந்த கதை அது. அக்கவிஞரின் வேடத்தில், மணவாழ்வின் நிழல் இருபத்தைந்தாம் வயதிலேயே நீங்கப் பெற்ற ஒரு பாடகி நின்றார். மாங்கனியை மட்டும் நினைந்து அந்தாதியை மறப்பது எவ்வளவு பிழையோ, வெள்ளாடையை மட்டும் நினைந்து குரலை மறப்பதும் அவ்வளவு பிழை.

கவிஞர் பெருமக்களுக்கு இவ்வரலாறு விடுக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. சுந்தராம்பாள் பாடிய பாட்டுகள் பல்லாயிரவர் நினைவில் வாழ்கின்றன. அவற்றை எழுதியவர் பெயரைக் கேட்டால் பலர் விழிப்பர். அது கவிஞர்க்கு இழப்பாகத் தோன்றலாம். ஆனால் பேச்சிழந்த சங்கரதாஸ் சுவாமிகள், தம் சொல்லைப் பிறர் குரல் சுமந்து செல்வதைத் தாழ்வாக எண்ணியிருப்பாரா? இக்காலக் கவிதை பெரும்பாலும் கண்ணுக்காக அச்சில் அடங்கிக் கிடக்கிறது. எழுதிய கவிதையைப் பிறர் கேட்க ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தால், எங்கே சொல் தடுக்குகிறது, எங்கே பொருள் கலங்குகிறது என்பதைச் செவி உடனே காட்டிக்கொடுக்கும். பத்தாண்டுகளாகக் கூடிவரும் இவ்வட்டம், பதினோராம் ஆண்டில் ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு கவிதையை ஒலிபெருக்கியின்றி வாய்விட்டுப் படித்துத் தொடங்குமானால் நன்று. கடைசி வரிசையில் இருப்பவர் ஓர் எழுத்தும் தவறாமல் கேட்டார் என்றால் அக்கவிதை தேறியது எனக் கொள்ளலாம். கொடுமுடியிலிருந்து வந்த சிறுமியை இரவெல்லாம் மேடையில் நிறுத்திச் சோதித்த உரைகல் அதுவே.

கருவடிக்குப்பம் இங்கிருந்து தொலைவில்லை. நவம்பர் 13ஆம் நாளில் அங்கே செல்பவர்கள், சுவாமிகளை வணங்கும்போது அவர் சொல்லுக்கு உயிர் கொடுத்த அந்தக் குரலையும் நினைக்க வேண்டும்.